சென்னை முதலைப் பண்ணை

சென்னை முதலைப் பண்ணை என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊர்வன உயிர்க்காட்சியகமும் ஆய்வு மையமும் ஆகும். சென்னை முதலை வங்கி அறக்கட்டளை என்பது இதன் முறையான பெயர். அழிந்துவரும் இந்திய முதலை இனங்களைக் காக்கும் நோக்குடன் 1976 ஆம் ஆண்டு இது நிறுவப்பட்டது. ஏறத்தாழ எட்டரை ஏக்கர் பரப்பே கொண்ட இந்த இடத்தில் பல இன முதலைகளும், ஆமைகளும், பாம்புகளும், பல்லியினங்களும் பேணப்படுகின்றன. புலி, சிங்கம், யானை போன்ற பெரும்பாலோர் விரும்பிப் பார்க்கும் விலங்குகள் எவையும் இங்கு இல்லை. மக்கள் அஞ்சும் அல்லது பொருட்படுத்தாத விலங்குகளுக்கென்றே நடத்தப்படும் உயிர்க்காட்சியகம் என்பது இதன் சிறப்பு.

பெயர்

பொதுமக்கள் இதனை 'முதலைப் பண்ணை' என்று அழைத்தாலும், நிறுவனர்கள் இட்ட பெயரில் 'வங்கி' என்னும் சொல்லே உள்ளது. வங்கியில் பணத்தைச் சேமித்துத் தேவைப்படும்போது எடுப்பதுபோல, அழியும் நிலையில் உள்ள விலங்குகளைப் பாதுகாப்பான ஓர் இடத்தில் பெருக்கி, காட்டில் அவை குறையும்போது அங்குக் கொண்டு சேர்க்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். தோலுக்காக விலங்கு வளர்க்கும் இடம் என்ற பொருளில் இது பண்ணை அன்று.

தமிழுக்கு முதலை புதிய விலங்கு அல்ல. முதலை, இடங்கர், கராம் ஆகிய மூன்று சொற்களும் சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. ஆறுகளிலும் அகழிகளிலும் முதலைகள் வாழ்ந்ததைப் பழந்தமிழ் நூல்கள் பலவும் குறிப்பிடுகின்றன.

அமைவிடம்

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரத்திற்கு வடக்கே, வடநெம்மேலி என்னும் ஊரில் பண்ணை அமைந்துள்ளது. இதன் கிழக்கு எல்லையில் வங்காள விரிகுடாக் கடல் உள்ளது. 2019 ஆம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

கடற்கரை மணல் நிலம் முதலை வளர்ப்புக்கு ஏற்றதாக அமைந்தது. சதுப்புநில முதலை மண்ணில் குழி தோண்டி முட்டையிடும் இனம். தளர்ந்த மணலில் அதனால் எளிதாகக் குழி தோண்ட முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதி நிலவும் வெப்பமும் முட்டை பொரிவதற்கும் குட்டிகள் விரைந்து வளர்வதற்கும் உதவுகிறது.

பின்னணி

இந்தியாவில் மூன்று முதலை இனங்கள் இயற்கையாக வாழ்கின்றன.

சதுப்புநில முதலை: ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் ஆகிய நன்னீர் நிலைகளில் வாழ்வது. தமிழ்நாட்டின் உள்நாட்டு நீர்நிலைகளில் காணப்படுவது இதுவே.

உவர்நீர் முதலை: கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழ்வது. உலகில் இன்று வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. இந்தியாவில் ஒடிசாவின் பித்தர்கணிகா, மேற்கு வங்கத்தின் சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் உள்ளது.

சொம்புமூக்கு முதலை: கரியல் எனவும் அழைக்கப்படும். வட இந்திய ஆறுகளில் வாழ்வது. நீண்டு ஒடுங்கிய தாடையைக் கொண்டு பெரும்பாலும் மீனையே உண்ணும். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் மட்டும் சொம்பு போன்ற ஒரு புடைப்பு காணப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மூன்றும் வேகமாகக் குறைந்தன. தோலுக்காக வேட்டையாடப்பட்டமை, முட்டைகள் உணவுக்காக எடுக்கப்பட்டமை, மீன்வலைகளில் சிக்கி மூழ்கியமை, அணைகளாலும் மணல் அள்ளுவதாலும் முட்டையிடும் கரைகள் அழிந்தமை ஆகியவை முதன்மைக் காரணங்கள். 1970-களின் நடுவில் காட்டில் எஞ்சியிருந்த வளர்ந்த சொம்புமூக்கு முதலைகள் 200-க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது.

1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலை வேட்டையைத் தடை செய்தது. 1975 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையுடன் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பாகப் பொரிக்கச் செய்து, குட்டிகளை ஓரளவு வளர்த்து மீண்டும் ஆற்றில் விடுவது இத்திட்டத்தின் அடிப்படை. தமிழ்நாட்டில் அமராவதி அணைப்பகுதியில் உள்ள முதலை வளர்ப்பு மையமும் இக்காலத்தில் உருவானதே. சென்னை முதலைப் பண்ணை இதே நோக்கத்தைத் தனியார் அறக்கட்டளை வழியாக மேற்கொண்டது.

வரலாறு

பண்ணையின் நிறுவனர்களுள் முதன்மையானவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943 ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த இவர், சிறுவயதில் 1951-இல் இந்தியாவுக்கு வந்து இந்நாட்டிலேயே வளர்ந்தார். 1969 ஆம் ஆண்டு சென்னைக்கு அருகிலுள்ள சேலையூரில் பாம்புப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் கிண்டிக்கு மாற்றப்பட்டு, சென்னை பாம்புப் பூங்கா எனப் புகழ்பெற்றது. பாம்புகளைப் பற்றி மக்களிடம் இருந்த தவறான எண்ணங்களை நீக்குவதில் அப்பூங்கா பெற்ற பட்டறிவு, முதலைப் பண்ணை தொடங்குவதற்குத் தூண்டுதலாக அமைந்தது.

விட்டேக்கர், எழுத்தாளரும் ஆசிரியருமான சாய் விட்டேக்கர் மற்றும் நண்பர்கள் சிலர் இணைந்து 1976-இல் அறக்கட்டளையை அமைத்தனர். சில பத்துச் சதுப்புநில முதலைகளுடன் பண்ணை தொடங்கியது. சுவரும் குளமும் நிழல் மரங்களும் கொண்ட எளிய அடைப்புகளில் அவை விடப்பட்டன. நல்ல உணவும் வெப்பமும் கிடைத்ததால் விரைவாகப் பெருகின. சில பெண் முதலைகள் ஒரே இனப்பெருக்கக் காலத்தில் இருமுறை முட்டையிட்டன. இது பண்ணையில் பதிவு செய்யப்பட்ட குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

தொடக்க ஆண்டுகளில் 1,500-க்கும் மேற்பட்ட முதலைகளும் பல நூறு முட்டைகளும் பல்வேறு மாநில வனத்துறைகளுக்கு வழங்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டது. மற்றவை பிற மாநிலங்களிலும் அண்டை நாடுகளிலும் இனப்பெருக்க மையங்கள் அமைக்கப் பயன்பட்டன.

காலப்போக்கில் பண்ணையின் பணி முதலைகளைக் கடந்து விரிந்தது. ஆமைகள், பாம்புகள், உடும்புகள் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஊர்வன பற்றிய ஆய்வுகளை வெளியிடுவதற்கென 'ஹமாட்ரையட்' என்னும் ஆய்விதழும் நடத்தப்பட்டது. ரோமுலஸ் விட்டேக்கருக்கு 2018 ஆம் ஆண்டு பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

வளர்க்கப்படும் உயிரினங்கள்

முதலைகள்

இந்தியாவின் மூன்று இனங்களுடன் பல அயல்நாட்டு இனங்களும் இங்கு வளர்க்கப்பட்டுள்ளன. சயாம் முதலை, நைல் முதலை, மொரலெட் முதலை, ஆப்பிரிக்கக் குள்ள முதலை, அமெரிக்க அல்லிகேட்டர், கண்ணாடிக் கேமன் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் சயாம் முதலை தென்கிழக்காசியாவில் மிக அருகிய இனம். ஒரே இடத்தில் பல இனங்களைக் காண முடிவதால், தாடையின் வடிவுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் நேரில் அறிந்துகொள்ள இயலும். மீன் பிடிக்கும் சொம்புமூக்கு முதலையின் தாடை இடுக்கி போல ஒடுங்கியது. பலவகை இரைகளை உண்ணும் சதுப்புநில முதலையின் தாடை அகன்று பருத்தது.

முதலைகள் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக் கொள்வதில்லை. வெயிலில் கிடந்து சூடேற்றிக் கொள்கின்றன; வெப்பம் மிகும்போது வாயைத் திறந்து வைத்தும் நீரில் இறங்கியும் தணித்துக் கொள்கின்றன. இதனால் அவற்றுக்குக் குறைந்த அளவு உணவே போதும். மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பது சோம்பலோ நோயோ அன்று. ஆற்றலைச் சேமிக்கும் முறையே ஆகும். இதனை அறியாத பார்வையாளர்கள் உயிர்க்காட்சியகங்களில் முதலைகளை அசையச் செய்வதற்காகக் கல்லெறிவது உண்டு. எறியப்படும் பொருள்களை முதலைகள் விழுங்கிவிடும் இடரும் உள்ளது.

ஆமைகள்

பொதுவாக அறியப்படாத நன்னீர் ஆமைகளும் நில ஆமைகளும் இங்கு பேணப்படுகின்றன. கங்கை ஆற்றுப்படுகையில் வாழும் செம்முடிக் கூரை ஆமை அவற்றுள் ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஆமையின் தலையும் கழுத்தும் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்கள் கொண்டு விளங்கும். இவ்வினம் மிக அருகியது. சம்பல் ஆறே இதன் முதன்மைப் புகலிடமாக எஞ்சியுள்ளது. ஆற்றில் பெரும் இழப்பு நேர்ந்தாலும் இனம் முற்றிலும் அழியாதிருக்க, இத்தகைய ஆமைகளின் ஒரு சிறு கூட்டத்தை வேறிடத்தில் வைத்துப் பேணுவது காப்புத் தொகுதி எனப்படுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பிரம்பு ஆமை பண்ணையின் வரலாற்றுடன் நெருங்கிய தொடர்பு உடையது. மலையாளத்தில் இது சூரல் ஆமை எனப்படுகிறது. ஒரு சாண் நீளத்திற்கும் குறைவான இவ்வாமை, மழைக்காட்டின் உதிர்ந்த இலைகளுக்கிடையே மறைந்து வாழ்வது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஆர். ஹென்டர்சன் 1912-இல் இதனை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பின்னர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆய்வாளர் எவர் கண்ணிலும் இது படவில்லை. முதலைப் பண்ணையில் பணியாற்றிய ஜே. விஜயா 1982-இல் கேரளத்தின் சாலக்குடிப் பகுதிக் காடுகளில் இதனை மீண்டும் கண்டறிந்தார்.

விஜயா இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் எனக் கருதப்படுகிறார். மாணவியாக இருந்தபோதே பாம்புப் பூங்காவில் தன்னார்வலராகச் சேர்ந்த அவர், பின்னர் ஆமை ஆய்வில் ஈடுபட்டு, நாட்டின் பல பகுதிகளுக்கும் தனியே பயணம் செய்தார். வங்கக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் பெருமளவில் கொல்லப்பட்டதை அவர் பதிவு செய்தது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 1987-இல் இளம் வயதிலேயே காலமானார். 2006 ஆம் ஆண்டு பிரம்பு ஆமை தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டபோது, அவர் நினைவாக அதற்கு 'விஜயகெலிசு' எனப் பெயரிடப்பட்டது. 'கெலிசு' என்பது ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

பாம்புகள்

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்தியாவில் பாம்புக்கடி இறப்புகளுக்குப் பெரிதும் காரணமானவை. இவற்றிடமிருந்து நஞ்சு எடுக்கும் முறையைப் பார்வையாளர்கள் பண்ணை வளாகத்தில் உள்ள இருளர் கூட்டுறவு மையத்தில் காணலாம்.

ஆய்வுகள்

முட்டையின் வெப்பநிலையும் குட்டியின் பாலினமும்

மனிதரிலும் பிற பாலூட்டிகளிலும் குட்டி ஆணா பெண்ணா என்பதை நிறப்புரிகள் முடிவு செய்கின்றன. முதலைகளில் அவ்வாறு இல்லை. முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே அதனை முடிவு செய்கிறது. சதுப்புநில முதலையில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பது இப்பண்ணையின் முட்டைகளைக் கொண்டே அறியப்பட்டது. அமெரிக்க உயிரியலாளர் ஜெஃப்ரி லாங், பண்ணையின் ஆய்வாளர்களான ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் ஆகியோர் இம்முடிவுகளை 1989-இல் வெளியிட்டனர்.

அதன்படி, 28 முதல் 31 பாகை செல்சியசு வரையிலான நிலையான வெப்பத்தில் பெண் குட்டிகள் மட்டுமே பிறந்தன. 32.5 பாகையில் ஆண் குட்டிகள் மட்டுமே பிறந்தன. 31.5, 32, 33 பாகைகளில் இரண்டும் கலந்து பிறந்தன. அதாவது ஓரிரு பாகை வேறுபாடு ஒரு குழியிலிருந்து வெளிவரும் குட்டிகள் அனைத்தின் பாலினத்தையும் மாற்றக்கூடும். குழியின் ஆழம், நிழல், மழை, முட்டையிட்ட மாதம் ஆகியவை அனைத்தும் இதில் பங்கு பெறுகின்றன. வளர்ப்பு மையங்களில் முட்டைகளை எந்த வெப்பநிலையில் வைப்பது என்று முடிவு செய்வதற்கு இவ்வறிவு இன்றியமையாதது. புவி வெப்பமடைதல் முதலைகளையும் ஆமைகளையும் எவ்வாறு தாக்கும் என்ற கேள்விக்கும் இதுவே அடிப்படை.

பெற்றோர் பேணல்

தாய் முதலை குழியைக் காவல் காத்து, பொரிக்கும் நேரத்தில் குட்டிகளின் ஒலியைக் கேட்டு மண்ணைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வி நீருக்கு எடுத்துச் செல்லும் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. சதுப்புநில முதலையில் தந்தையும் குழியைத் திறந்து குட்டிகளை நீருக்குக் கொண்டுசெல்வது இப்பண்ணையில் 1980-களில் பதிவு செய்யப்பட்டது. முதலை தன் குட்டிகளையே தின்னும் என்று மக்கள் நம்பியதற்கு, குட்டிகளை வாயில் எடுத்துச் செல்லும் காட்சியே காரணமாக இருக்கலாம்.

குச்சியும் கொக்கும்

முதலைக் குளங்களின் மேல் வளர்ந்துள்ள மரங்களில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. கூடு கட்டும் பருவத்தில் அவற்றுக்குக் குச்சிகள் தேவை. அப்பருவத்தில் சதுப்புநில முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளைத் தாங்கியபடி அசையாமல் மிதப்பதையும், குச்சி எடுக்க வரும் பறவைகளைப் பிடிக்க முயல்வதையும் இங்கு கண்ட விளாடிமிர் டினெட்ஸ், 2013-இல் சக ஆய்வாளர்களுடன் இது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஊர்வன கருவியைப் பயன்படுத்துவதற்கான முதல் சான்று என இது முன்வைக்கப்பட்டது. எனினும் அமெரிக்க அல்லிகேட்டர்களில் பின்னர் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு இக்கருத்துக்கு ஆதரவாக அமையாததால், இது இன்றும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது.

இருளர் கூட்டுறவுச் சங்கம்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் உள்ளிட்ட வட தமிழ்நாட்டு மாவட்டங்களில் வாழும் இருளர் பழங்குடியினர், பாம்பின் தடத்தைக் கண்டு அதன் வளையை அறியும் திறன் பெற்றவர்கள். நீண்ட காலம் பாம்புத்தோல் வணிகமே அவர்களுள் பலருக்கு வாழ்வாதாரமாக இருந்தது. வன உயிரினச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1976-இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வாழ்வாதாரத்தை நிறுத்தின. பாம்புகளைக் காப்பதற்காக வந்த சட்டம், பாம்புகளை நன்கு அறிந்த மக்களையே வறுமைக்குத் தள்ளியது.

இதற்கு மாற்றாக 1978 ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. உறுப்பினர்கள் வனத்துறையின் அனுமதியுடன் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாம்புகளைப் பிடித்து வருகின்றனர். அவை சில வாரங்கள் மண்பானைகளில் வைக்கப்பட்டு, பலமுறை நஞ்சு எடுக்கப்பட்டபின் அடையாளமிட்டுக் காட்டில் விடப்படுகின்றன. உலர்த்திய நஞ்சு, நச்சு முறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. இந்தியாவில் அம்மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே கிடைத்து வந்துள்ளது.

இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகித் தீங்கு விளைவித்த பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க உதவினர். 2023 ஆம் ஆண்டு இருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

களப்பணிகள்

ஊர்வனவற்றை அவற்றின் வாழிடத்திலேயே ஆய்வதற்காகப் பண்ணையின் முயற்சியால் வேறு இடங்களிலும் நிலையங்கள் உருவாயின. தெற்கு அந்தமானின் வண்டூரில் அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் நிலையம் அமைந்தது. கருநாடகத்தின் ஆகும்பேயில், இராச நாகத்தை ஆய்வதற்காக 2005-இல் மழைக்காடு ஆய்வு நிலையத்தை விட்டேக்கர் நிறுவினார்.

சம்பல் ஆற்றில் 2007 டிசம்பர் முதல் 2008 தொடக்கம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட சொம்புமூக்கு முதலைகள் இறந்தன. சிறுநீரகம் செயலிழந்திருந்தது தெரியவந்தது; நச்சுப்பொருள் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டாலும், அது எதுவென்று உறுதியாகவில்லை. இதனைத் தொடர்ந்து 2008-இல் பண்ணையின் சார்பில் சொம்புமூக்கு முதலைச் சூழலியல் திட்டம் தொடங்கப்பட்டது. வானொலி அலைபரப்பிகள் பொருத்தப்பட்ட முதலைகள் பருவத்திற்கேற்ப ஆற்றில் நெடுந்தொலைவு இடம்பெயர்வது இதன்மூலம் தெரியவந்தது. ஆகவே ஆற்றின் ஒரு சிறு பகுதியை மட்டும் காப்பது இவ்வினத்திற்குப் போதாது.

எண்ணிக்கைப் பெருக்கமும் சிக்கல்களும்

பண்ணை எதிர்கொண்ட பெரிய சிக்கல் அதன் வெற்றியிலிருந்தே தோன்றியது. ஒரு பெண் சதுப்புநில முதலை ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகள் இடும். காட்டில் பெரும்பாலான குட்டிகள் முதல் ஆண்டிலேயே இறந்துவிடும். பண்ணையில் அவ்வாறு இறப்பதில்லை. சில ஆண்டுகளிலேயே முதலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

அவற்றை விடுவதற்குப் பாதுகாப்பான நீர்நிலைகள் போதவில்லை. மீன்பிடித்தல், வேளாண்மை, குடிநீர் ஆகிய தேவைகளுக்கு மக்கள் பயன்படுத்தும் ஏரியில் முதலைகளை விடுவதை அவ்வூர் மக்கள் ஏற்பதில்லை. 1990-களில் முதலைகளைக் காட்டில் விடும் பணி பெரும்பாலும் நின்றுபோனது. அப்போது பண்ணையின் முன் சில வழிகள் இருந்தன.

முதலாவது, தோலுக்காக முதலைகளை வளர்த்து விற்பது. பாப்புவா நியூ கினி, ஆத்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் கட்டுப்பாட்டுடன் இது அனுமதிக்கப்படுகிறது. முதலையால் வருவாய் கிடைத்தால் மக்கள் அதன் வாழிடத்தையும் காப்பார்கள் என்பது இதன் ஆதரவாளர்கள் வாதம். விட்டேக்கரும் இதனை வலியுறுத்தினார். சட்டப்படியான வணிகம் திருட்டு வேட்டைக்கு மறைப்பாக அமைந்துவிடும் என்பது எதிர்ப்பாளர்கள் வாதம். முதலைகள் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால் இந்தியாவில் இது அனுமதிக்கப்படவில்லை.

இரண்டாவது, இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது. ஆண், பெண் முதலைகள் பிரித்து வைக்கப்பட்டன; இடப்பட்ட முட்டைகள் பொரிக்கும் முன்பே அகற்றப்பட்டன. முட்டைகளைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் முட்டைகளை அகற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது.

மூன்றாவது, வேறு உயிர்க்காட்சியகங்களுக்கு அனுப்புவது. குசராத்தின் ஜாம்நகரில் உள்ள விலங்கு மீட்பு மையத்திற்கு 1,000 சதுப்புநில முதலைகளை அனுப்ப மத்திய உயிர்க்காட்சியக ஆணையத்தின் அனுமதி பெறப்பட்டது. இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை 2022 ஆகத்து மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வளர்த்து விடுவது மட்டும் போதாது என்பதற்குச் சொம்புமூக்கு முதலை சான்றாகும். 1975-க்குப் பின்னர் அரசு மையங்களில் வளர்க்கப்பட்ட பல ஆயிரம் குட்டிகள் ஆறுகளில் விடப்பட்டன. ஆயினும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, இனப்பெருக்கம் செய்யும் வளர்ந்த முதலைகளின் எண்ணிக்கை 1997-இல் 436 ஆக இருந்து 2006-இல் 182 ஆகக் குறைந்தது. 2007-இல் இவ்வினம் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஆறு கெட்டால் அதில் விடப்படும் விலங்கும் நிலைப்பதில்லை.

மனிதர்களுடன் மோதல்

சதுப்புநில முதலை தமிழ்நாட்டில் இன்றும் பல இடங்களில் மக்களுக்கு அருகில் வாழ்கிறது. சிதம்பரம் பகுதியில் கொள்ளிடம் ஆற்றை ஒட்டிய ஊர்களில் மழைக்காலத்தில் முதலைகள் வாய்க்கால்களிலும் குளங்களிலும் புகுவது வழக்கம். குளிக்கவும் ஆடுமாடுகளைக் கழுவவும் செல்பவர்கள் தாக்கப்பட்டதுண்டு. அங்கு பிடிபடும் முதலைகள் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடப்படுகின்றன. ஆனால் இடம் மாற்றி விடப்படும் முதலைகள் பழைய இடத்திற்குத் திரும்ப முயல்வது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

நீர்த்துறைகளில் வேலியிட்டுக் குளிக்கும் இடத்தைத் தனியே பிரிப்பது, மாலைக்குப் பின் நீரில் இறங்காமை, இறைச்சிக் கழிவுகளை நீரில் எறியாமை, முட்டையிடும் பருவத்தில் கரைகளை நெருங்காமை ஆகியவை பயன்தரும் எளிய வழிகள். தாக்கப்படுவோர் பெரும்பாலும் வீட்டில் நீர் வசதி இல்லாத ஏழைகள். அதனால் முதலைப் பாதுகாப்பு, ஊர்ப்புறக் குடிநீர் வசதியோடும் தொடர்புடையதாகிறது.

நிதிநிலை

பண்ணை அரசால் நடத்தப்படுவதன்று. பார்வையாளர் செலுத்தும் நுழைவுக் கட்டணமே இதன் முதன்மை வருவாய். நன்கொடைகளும் ஆய்வு நல்கைகளும் துணை செய்கின்றன. கோடை விடுமுறையில்தான் வருவோர் மிகுதி. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பண்ணை மூடப்பட்டபோது அவ்வருவாய் முற்றிலும் நின்றது. கடை அடைத்தால் செலவு குறையும். உயிர்க்காட்சியகத்தை அடைத்தாலும் விலங்குகளுக்கு உணவிட வேண்டும். பொதுமக்களிடம் நன்கொடை கேட்டும் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டத்தின் வழியாகவும் அக்காலம் கடக்கப்பட்டது.

அறியப்படாத விலங்குகளுக்கான உயிர்க்காட்சியகங்கள்

அருகிய விலங்குகளைப் பெருக்குவதே உயிர்க்காட்சியகத்தின் முதற்கடமை என்னும் கருத்தை உலகளவில் பரப்பியவர்களுள் முன்னோடி ஆங்கில எழுத்தாளர் ஜெரால்டு டரல். 1959-இல் ஜெர்சி தீவில் அவர் நிறுவிய உயிர்க்காட்சியகம், மக்கள் கவனிக்காத சிறு விலங்குகளுக்கே முதலிடம் அளித்தது. காட்சிக்கு அழகானவற்றைத் தேர்ந்தெடுக்காமல், உதவி தேவைப்படுபவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சென்னை முதலைப் பண்ணையும் இவ்வகையைச் சேர்ந்தது.

இத்தகைய நிறுவனங்களுக்கு ஒரு பொதுவான இடர்ப்பாடு உண்டு. புலியைக் காண வரும் கூட்டம் ஆமையைக் காண வருவதில்லை. அதற்கேற்ப நிதியும் குறைவு. ஆனால் ஆறுகளும் ஏரிகளும் நலமாக இருப்பதற்கு இவ்விலங்குகள் தேவை. முதலைகள் நோயுற்ற மீன்களையும் இறந்த விலங்குகளையும் உண்கின்றன. நன்னீர் ஆமைகள் அழுகும் பொருள்களையும் நீர்த்தாவரங்களையும் உண்டு நீரைத் தூய்மையாக வைக்க உதவுகின்றன.

பார்வையாளர்கள்

பண்ணை திங்கட்கிழமை தவிர பிற நாள்களில் திறந்திருக்கும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி செல்லும் பேருந்துகள் இவ்வழியே செல்கின்றன. பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாவும் பயிற்சி முகாம்களும் நடத்தப்படுகின்றன. முன்பதிவு செய்து இரவில் பண்ணையைச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடும் இருந்து வந்துள்ளது. கைவிளக்கின் ஒளி படும்போது முதலைகளின் கண்கள் செந்நிறத்தில் மின்னும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள, ஒளியை எதிரொளிக்கும் படலமே இதற்குக் காரணம். காட்டில் முதலைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்களும் இரவில் படகில் சென்று, விளக்கொளியில் மின்னும் இக்கண்களை எண்ணியே கணக்கெடுக்கின்றனர்.